பழைய மெத்தையில் பிறந்த பயிற்சிக் கருவி: அமெரிக்கக் கால்பந்தின் முதுபெரும் ஆசான் அமோஸ் அலோன்சோ ஸ்டாக்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைச் சுமந்து ஓடி வரும் எதிரணி வீரரைப் பிடித்துத் தரையில் வீழ்த்துவது டேக்கிள் எனப்படுகிறது. கபடியில் பாடி வருபவரை மடக்குவதற்கு நிகரான இச்செயலே அந்த விளையாட்டின் அச்சாணி. அதில் நேரும் காயங்களுக்குப் பெருங்காரணமும் இதுவே. இந்தத் திறனைச் சக வீரரின் உடல் மீது மோதிக் கற்பதற்கு மாறாக, ஒரு கருவியின் மீது பழகலாம் என்று காட்டியவராக விளையாட்டு வரலாறு குறிப்பிடும் பெயர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். 102 ஆண்டுகள் வாழ்ந்த அவர், அவற்றில் ஏறத்தாழ 70 ஆண்டுகளைப் பயிற்சி மைதானத்திலேயே கழித்தார்.

போதகராக விரும்பிய இளைஞர்

ஸ்டாக் 1862 ஆகஸ்ட் 16 அன்று நியூ ஜெர்சி மாகாணத்தின் வெஸ்ட் ஆரஞ்சு நகரில் பிறந்தார். தந்தை காலணி தைக்கும் தொழிலாளி. எட்டுக் குழந்தைகளில் ஐந்தாமவரான அவர், வறுமைக்கு இடையே படித்து யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கிறிஸ்தவப் போதகராக வேண்டும் என்பதே அவரது இலக்காக இருந்தது.

யேலில் அவர் முதலில் புகழ் பெற்றது பேஸ்பால் பந்துவீச்சாளராகத்தான். தொழில்முறை அணிகள் ஊதியத்துடன் அழைத்தபோதும் அவர் மறுத்துவிட்டார். பின்னர் கால்பந்து அணியில் இடம் பிடித்தார். அவர் ஆடிய 1888 ஆம் ஆண்டு யேல் அணி, 13 ஆட்டங்களிலும் வென்று மொத்தம் 698 புள்ளிகளைக் குவித்தது. எதிரணிகளால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட முதலாவது அனைத்து அமெரிக்க அணியிலும் ஸ்டாக் இடம்பெற்றார்.

மேடையில் பேசும் ஆற்றல் தமக்கு வாய்க்கவில்லை என்று உணர்ந்த அவர், இறையியல் படிப்பைக் கைவிட்டார். ஆனால் நோக்கத்தைக் கைவிடவில்லை. பிரசங்க மேடையில் செய்ய இயலாததை விளையாட்டு மைதானத்தில் இளைஞர்களிடையே செய்ய முடியும் என்று நம்பினார்.

விதி மாறியது, பயிற்சியும் மாறியது

டேக்கிள் பயிற்சியில் அவர் செய்த புதுமைக்கு ஒரு விதி மாற்றமே பின்னணியாக அமைந்தது. அதுவரை எதிரணி வீரரை இடுப்புக்கு மேல் மட்டுமே பிடிக்கலாம் என்றிருந்த நிலை 1888 இல் மாறியது. முழங்கால் வரை தாழ்ந்து பிடிக்க அனுமதி கிடைத்தது. நின்ற நிலையில் தோளையும் மார்பையும் பற்றிப் பழகியவர்கள், ஓடி வருபவரின் தொடையை நோக்கிக் குனிந்து பாய வேண்டியதாயிற்று. இதனைத் திரும்பத் திரும்பப் பழகினால் பிடிப்பவரும் விழுபவரும் ஆட்ட நாளுக்கு முன்பே காயமடையும் நிலை உருவாயிற்று.

இதற்குத் தீர்வாக, 1889 இல் யேலில் பழைய மெத்தை ஒன்றைச் சுருட்டிக் கட்டி, வீரர்கள் அதன் மீது பாய்ந்து பழகும்படி ஸ்டாக் செய்தார் என்று கூறப்படுகிறது. டேக்கிள் பொம்மை என்று பின்னர் அறியப்பட்ட கருவியின் தொடக்கம் அதுவே. நெரிசலிலும் பதற்றத்திலும் தற்செயலாகக் கைவரும் திறனாக இருந்த ஒன்று, படிப்படியாகக் கற்பிக்கத்தக்க பாடமாக மாறியது.

சிகாகோவில் 41 ஆண்டுகள்

ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஸ்டாக் தமது பயிற்சியாளர் வாழ்வைத் தொடங்கினார். கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் அங்கு அவரது அணியில் ஆடினார். 1892 மார்ச் 11 அன்று பார்வையாளர் முன்னிலையில் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில், மாணவர்களிடம் 5-1 எனத் தோற்ற ஆசிரியர் அணியின் ஒரே புள்ளியை எடுத்தவர் ஸ்டாக்.

புதிதாகத் தொடங்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் தம்மிடம் பயின்ற ஸ்டாக்கை உடற்பயிற்சித் துறையின் பொறுப்பாளராக அழைத்தார். விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவருக்குப் பேராசிரியர் தகுதி வழங்கப்பட்டது அக்காலத்தில் அரிதான நிகழ்வு. 1893 இல் ஹென்றி வில்லியம்ஸ் என்பவருடன் இணைந்து, பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்குமான கால்பந்து ஆட்ட நூலை அவர் வெளியிட்டார். 1894 இல் ஸ்டெல்லா ராபர்ட்சனை மணந்தார். ஆட்டங்களைக் கவனித்துக் குறிப்பெடுப்பது முதல் கணவரின் பணிகள் பலவற்றிலும் ஸ்டெல்லா துணை நின்றார்.

மது, புகை இரண்டையும் தொடாத ஸ்டாக், மைதானத்தில் தகாத சொற்களையும் அனுமதித்ததில்லை. கடுங்கோபத்தில் அவர் வீரர்களைத் திட்டும் உச்சகட்டச் சொல் கழுதை என்பதாகவே இருந்ததாம்.

மரணங்கள் எழுப்பிய கேள்வி

தாழ்ந்து பிடிக்கும் முறைக்கு எதிர்பாராத விளைவும் இருந்தது. திறந்தவெளியில் தனித்து ஓடுபவரை வீழ்த்துவது எளிதானதால், அணிகள் பந்து வைத்திருப்பவரைச் சூழ்ந்து கூட்டமாக முன்னேறும் உத்திக்கு மாறின. அத்தகைய கூட்ட உத்திகளை வகுத்தவர்களில் ஸ்டாக்கும் ஒருவர். தலைக்கவசம் கட்டாயமில்லாத அந்நாளில் உடல்கள் குவியலாக மோதியதன் விலை கடுமையாக இருந்தது. 1905 ஆம் ஆண்டுப் பருவத்தில் குறைந்தது 18 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்திருத்த வலியுறுத்தினார்.

அதே பருவத்தில்தான் ஸ்டாக்கின் மிகப் பெரிய வெற்றியும் நிகழ்ந்தது. 56 ஆட்டங்களாகத் தோல்வி காணாத மிச்சிகன் அணியை நவம்பர் 30 அன்று சிகாகோ அணி 2-0 எனச் சாய்த்தது. தன் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடித்து வெளியேற முயன்ற மிச்சிகன் வீரரைச் சிகாகோ வீரர்கள் மடக்கி வீழ்த்தியதால் கிடைத்தவை அந்த இரண்டு புள்ளிகள். ஓர் ஆண்டின் மொத்த உழைப்பும் ஒரே டேக்கிளில் பலித்தது.

1904 முதல் விதிகள் குழுவில் இருந்த ஸ்டாக், அடுத்து வந்த சீர்திருத்தங்களில் பங்கேற்றார். 1906 இல் பந்தை முன்னோக்கி வீசுதல் அனுமதிக்கப்பட்டது. இரு அணிகளுக்கும் இடையே நடுநிலை இடைவெளி வகுக்கப்பட்டது. கூட்டமாக மோதுவதைவிட வெளியில் பரவி ஆடுவது பயனுள்ளதாயிற்று. 1910 இல் கால்கள் தரையை விட்டு எழப் பாய்ந்து வீழ்த்தும் முறையும் தடை செய்யப்பட்டது.

எழுபதில் ஓய்வு, மீண்டும் தொடக்கம்

சிகாகோவில் 41 பருவங்கள் பணியாற்றி, ஏழு முறை மண்டலப் பட்டம் வென்ற ஸ்டாக்குக்கு 1932 இல் 70 வயது நிறைந்தது. பல்கலைக்கழக விதிப்படி அவர் ஓய்வு பெற வேண்டியிருந்தது. வேறு பொறுப்பு ஒன்று முன்வைக்கப்பட்டபோதும், மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்காத பணி தமக்கு வேண்டாம் என்று ஒதுக்கினார். கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் இருந்த பசிபிக் கல்லூரி என்ற சிறிய நிறுவனம் அவரை ஏற்றுக்கொண்டது. 1938 இல் அந்த அணியுடன் அவர் சிகாகோவுக்கே சென்று, தம் பெயர் தாங்கிய மைதானத்தில் பழைய அணியை 32-0 எனத் தோற்கடித்தார்.

மறு ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகம் கால்பந்து அணியையே கலைத்தது. 1942 டிசம்பர் 2 அன்று, அந்த மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே என்ரிகோ ஃபெர்மி தலைமையிலான விஞ்ஞானிகள் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தினர். 1943 இல், 81 வயதில், ஸ்டாக் ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்வு பெற்றார். பின்னர் பென்சில்வேனியாவில் தம் மகனுடன் இணைந்தும், தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு ஸ்டாக்டனில் பந்தை உதைக்கும் கலையைக் கற்பித்தும் பணியைத் தொடர்ந்தார். 1964 இல் மனைவி ஸ்டெல்லா மறைந்தார். 1965 மார்ச் 17 அன்று ஸ்டாக் காலமானார்.

இன்றும் தொடரும் பாடம்

ஸ்டாக்கின் மறைவுக்குப் பிறகும் ஆபத்து நீங்கவில்லை. உறுதியான தலைக்கவசம் வந்ததும் வீரர்கள் தலையையே ஆயுதமாக்கி மோதத் தொடங்கினர். 1968 இல் மட்டும் ஆட்டக் காயங்களால் 36 பேர் இறந்தனர். தலையால் முதலில் மோதுவதற்கு 1976 இல் பள்ளி, கல்லூரி அளவில் தடை வந்த பின்னரே மரணங்களும், கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழப்பதும் வெகுவாகக் குறைந்தன. தலையை நிமிர்த்தி, பார்வையை எதிரியின் மீது நிறுத்தி, தோளால் தாங்கிக் கைகளால் வளைத்துப் பிடிப்பதே இன்று சிறுவர்களுக்குக் கற்பிக்கப்படும் முறை.

எப்படிக் கற்பிப்பது என்பதோடு, எவ்வளவு நேரம் மோதவிடுவது என்பதும் இப்போது கணக்கில் எடுக்கப்படுகிறது. ஸ்டாக் இறுதிக்காலத்தைக் கழித்த கலிஃபோர்னியாவில், பள்ளி அணிகள் ஆட்டப் பருவத்தில் வாரம் இரு முறை, முறைக்கு 90 நிமிடம் மட்டுமே முழு மோதல் பயிற்சி பெறலாம் என 2014 இல் சட்டம் இயற்றப்பட்டது. டார்ட்மவுத் கல்லூரியின் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ், தம் வீரர்கள் பயிற்சியில் ஒருவரையொருவர் வீழ்த்துவதை 2010 இல் முற்றிலும் நிறுத்தினார். அக்கல்லூரியின் பொறியியல் மாணவர்கள் உருவாக்கிய, தானே ஓடும் இயந்திரப் பொம்மை பின்னர் அங்குப் பயிற்சிக்கு வந்தது.

அசையாத மெத்தையால் கற்பிக்க இயலாத ஒன்றை, அதாவது ஓடிக்கொண்டிருப்பவரை அணுகும் கோணத்தை, அந்தப் பொம்மை கற்பிக்கிறது. ஆனால் அதன் அடிப்படை பழையதே. கற்கும் சிறுவனின் பிழைக்கு மற்றொரு சிறுவனின் உடல் விலையாகக் கூடாது என்ற எண்ணம், 1889 இல் சுருட்டிக் கட்டப்பட்ட அந்த மெத்தையிலேயே இருந்தது.