ருக்மிணி தேவியின் நடனக் கல்வி: பாலே வகுப்பும் நட்டுவனார் மரபும்

மதுரையில் 1904 பிப்ரவரி 29ஆம் நாள் பிறந்த ருக்மிணி தேவி, சதிருக்கு முன்பே பயின்ற ஆடல் பாலே ஆகும். 1920இல் பிரம்மஞான சபையினரான ஜார்ஜ் அருண்டேலை மணந்து, அவருடன் அயல்நாடுகளுக்குச் சென்றுவந்த காலத்தில் உருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு அவருக்கு வாய்த்தது. பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி பாலே கற்பித்தார். தாய்நாட்டுக் கலையை நாடுமாறு பாவ்லோவா கூறிய அறிவுரையோடு இப்பகுதியை முடித்துக்கொள்வது வாழ்க்கை வரலாறுகளின் வழக்கம். பாலே கற்ற அனுபவம் அவருடைய பிற்காலக் கற்பித்தலில் என்னவாயிற்று என்னும் வினா அதனால் பின்தங்கிவிடுகிறது.

பாலே வகுப்பில் மாணவர் பலர் சுவரோரக் கைப்பிடிச் சட்டத்தைப் பற்றி நின்று, ஒரே பயிற்சியை நாள்தோறும் செய்வர். காலுக்கும் கைக்கும் முதுகுக்கும் தனித்தனிப் பயிற்சிகள் உண்டு; ஆடற்கோவை பின்னரே வரும். 1933இல் பந்தநல்லூர் சகோதரியரின் சதிரைக் கண்ட பின்னர் ருக்மிணி தேவி அடைந்த கல்வி இதனின் வேறானது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார் அமர்ந்தபடியே தட்டுக்கழியால் தாளமிட்டுச் சொற்கட்டு உரைப்பர், ஆடிக்காட்டுவது குறைவு. மாணவியின் உடல்வாகும் தாளப்பிடிப்பும் நோக்கி அடவுக்கோவையை மாற்றியமைப்பது அம்மரபு. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பயின்ற அபிநயமோ, பதத்தின் ஓரடியைப் பலவாறு விரித்துக் காட்டும் கற்பனையைச் சார்ந்தது. அதனை வரிசையில் நிறுத்திப் பயிற்றுதல் அரிது.

1935இல் அடையாற்றில் மேடையேறிய அவர், அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். பாலேயின் அசைவுகள் அங்கு அடவுக்குள் புகுந்தன என்பாருளர். அரைமண்டியும் பாலேயின் பிளியேயும் முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்குவன என்பது அவர்கள் காட்டும் ஒப்புமை. ஆயின் பிளியே மேலெழும் துள்ளலுக்கு ஆயத்தம். அரைமண்டி, தாழ்ந்த நிலையிலேயே நின்று தரையைத் தட்டுதற்குரியது. அன்றியும் அரைமண்டி நட்டுவனார் மரபிலேயே இருந்தது. எனவே பாலேயிலிருந்து வந்தது அசைவு என்பதைவிட வகுப்பு என்பதே பொருந்தும். பலர் ஒருங்கே செய்யும் அடவுப் பயிற்சி, நேர்கோட்டுத் துல்லியம், ஆண்டுவாரிப் பாடத்திட்டம் ஆகியவை அவ்வகுப்பின் கூறுகள். 1944இல் குற்றாலக் குறவஞ்சி முதலாக அமைந்த நாட்டிய நாடகங்களுக்கு இவ்வாறு ஒருசீராகப் பழகிய உடல்களே தேவைப்பட்டன.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை 1940களில் விலகிய பின்னர், கலாக்ஷேத்திரத்தில் தட்டுக்கழி இசைவேளாளர் குடியில் பிறவாதோர் கைக்கு மாறியது. கற்பித்தல் முறையின் மாற்றமாக மட்டும் இதனைக் காண இயலாது. வகுப்பாக வகுக்கப்பட்ட கல்வியை எக்குடியினரும் பெறலாம், எக்குடியினரும் தரலாம். அக்கதவு திறந்த அதே ஆண்டுகளில், 1947இன் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை ஒட்டி, மரபுவழிப் பெண்கள் மேடையிலிருந்து அகன்றுகொண்டிருந்தனர். அம்மரபில் வந்த பாலசரசுவதி, சிருங்காரத்தைக் குறுக்கியதை வெளிப்படையாக மறுத்தார். ருக்மிணி தேவி பக்தியை முன்னிறுத்தித் தம் நிலையில் உறுதியாக நின்றார். 1986 பிப்ரவரி 24இல் அவர் மறைந்தபோது, அவ்விருவரில் எவர் பக்கம் நியாயம் என்பது முடிவுறாத வழக்காகவே இருந்தது. ஆனால் திருவான்மியூர் வளாகத்தில் பயின்று ஆசிரியரானோர் பல ஊர்களில் அடவு வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தனர்.