விஞ்ஞான ஆசிரியரின் கவிதை வகுப்பு

தமிழ்த் தினப் போட்டிக்காகச் சுவாமி விபுலாநந்தரின் ‘ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று’ பாடலை மனனம் செய்யாதவர்கள் எங்களுள் மிகச் சிலரே. உப்புவெளிக் கடற்கரை வீதியால் நடந்து வரும்போதே பாடிப் பாடிப் பாடமாக்கினோம். பின்னர் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்குச் சென்றதும் கவிதைப் புத்தகத்தை மூடிவைத்தோம். இரண்டும் ஒருவருக்கு ஆகாது என்று நினைத்தோம். அடிகளாரின் வாழ்க்கையோ அதற்கு நேர்மாறானது.

1892இல் காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மா தம்பதியரின் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் சித்தியடைந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். 1924இல் துறவு பூண்டபின் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று வளர்த்தார். எமது திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவரை அதிபராகப் பெற்றது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பாரதியார் மறைந்து பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எளிய நடையில் எழுதியவர் என்பதால் பாரதியைப் புலவர்கள் பலர் பொருட்படுத்தவில்லை. பண்டிதரான அடிகளோ மாணவர்களைக் கூட்டிப் பாரதி பாடல்களைப் பாடவும் ஆராயவும் வைத்தார். அங்கே கவிதை பரீட்சைக்குரிய பாடமாக மட்டும் இருக்கவில்லை. இளையோர் கூடிக் கொண்டாடும் விழாவாகவும் இருந்தது.

விஞ்ஞானமும் தமிழும் ஒன்றுசேர்ந்த பெருநூல் அவரது ‘யாழ் நூல்’. பண்டைய இசையை அதில் கணக்கிட்டு ஆராய்ந்தார். 1947 யூனில் அது திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறுமாதம் 19ஆம் திகதி அடிகள் மறைந்தார். மட்டக்களப்பு சிவானந்த வித்தியாலய வளவில் உள்ள அவரது சமாதியில் நாங்கள் மனனம் செய்த அந்தப் பாடலே பொறிக்கப்பட்டுள்ளது.

மருத்துவர்களான நாங்கள், நோயாளி இறந்த செய்தியை உறவினரிடம் சொல்ல வாயெடுக்கும்போது பலமுறை சொல்லின்றி நின்றிருக்கிறோம். மருத்துவப் பாடநூல்கள் அதற்குக் கைகொடுப்பதில்லை. நண்பர் கந்தசாமியை இழந்த துயரில் அடிகள் எழுதிய ‘கங்கையில் விடுத்த ஓலை’யை அண்மையில் மீண்டும் வாசித்தபோது, எதை மூடிவைத்தோம் என்பது விளங்கியது.

எனவே சகோதரிகளே, நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஒரு மாலைப்பொழுதை இன்றைய மாணவிகளோடு கவிதை வாசிக்க ஒதுக்குவோம். போட்டியும் வேண்டாம், பரிசும் வேண்டாம். விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளை முதலில் அழைப்போம்.