அறுவடைக் காலத்து ஞாயிறு: ஆர்ஸ் ஊரின் பங்குத்தந்தை

ஆகஸ்ட் 4ஆம் நாள் வந்தால் நம் பங்குகளில் பங்குத்தந்தைக்குப் பொன்னாடை போர்த்தி, மறைக்கல்வி மாணவர்கள் கையில் ஒரு பூச்செண்டைக் கொடுத்து வாழ்த்துவது வழக்கமாகிவிட்டது. பங்குப்பணியாளர்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியின் திருநாள் அது. அன்றைய மறையுரையில் நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே செய்திகளைத்தான் சொல்கிறோம். படிப்பு வராதவர், அவித்த உருளைக்கிழங்கு உண்டவர், நாள் முழுவதும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருந்தவர் என்போம். இவை உண்மையே. ஆனால் ஆர்ஸ் ஊருக்கு வந்த முதல் ஆண்டுகளில் அவருக்கு ஓயாத கவலை தந்தது கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமை. அதைப்பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1786ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு அருகில் உள்ள தார்டிலி என்ற சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் நான்காமவர். ஆடு மாடு மேய்த்தார், தோட்டம் கொத்தினார். அவருக்கு மூன்று வயதானபோது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. புரட்சி அரசு ஆலயங்களை மூடியதும், குருக்களைக் கொன்றதும் நாம் அறிந்தவை. அது ஞாயிற்றுக்கிழமையையே நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது என்பதைப் பலர் அறிவதில்லை. 1793இல் கொண்டுவரப்பட்ட புதிய நாட்காட்டியில் ஏழு நாள் வாரம் இல்லை. மாதத்துக்கு மூன்று பத்து நாள் வாரங்கள், பத்தாம் நாள்தான் ஓய்வு. 1802இல் ஆலயங்கள் வெளிப்படையாகத் திறக்கப்படும் வரை கிராமத்து மக்கள் ஞாயிறன்று வேலை செய்யப் பழகிப்போனார்கள். அந்நாட்காட்டி 1806 சனவரியில் கைவிடப்பட்டது. பழக்கம் அவ்வளவு எளிதில் போய்விடவில்லை.

வியான்னி குடும்பம் அந்த ஆண்டுகளிலும் மறைவாகத் திருப்பலிக்குச் சென்றது. அரசுக்கு உறுதிமொழி கொடுக்க மறுத்த குருக்கள் வேடமிட்டு வருவார்கள், இரவில் களஞ்சியங்களிலும் வீடுகளிலும் பலி நிறைவேற்றுவார்கள். 1799ஆம் ஆண்டு, உலர்புல் அறுக்கும் காலத்தில், 13 வயதுச் சிறுவன் ஜான் மரியா புதுநன்மை வாங்கினான். எக்குலி என்ற ஊரில் ஒரு வீட்டு அறையில் அது நடந்தது. சன்னல் கதவுகளை அடைத்தார்கள். உள்ளே எரிந்த மெழுகுதிரி வெளிச்சம் வெளியே தெரியாதபடி, கால்நடைகளுக்கு உலர்த்திய புல்லை ஏற்றிய வண்டிகளைச் சன்னல்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள். திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது ஆட்கள் வெளியே நின்று, சந்தேகம் வராதபடி புல்லை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புல் வண்டிகளை அவர் மறந்திருக்க முடியாது.

அவருடைய படிப்புக் காலத்தை விரைவாகவே சொல்லிவிடலாம். எக்குலி பங்குத்தந்தை பல்லே அடிகளாரிடம் இருபது வயதில் பாடம் தொடங்கினார். இடையில் படைக்கு அழைப்பு வந்தது. படையோடு சேராமல் மலைக்கிராமம் ஒன்றில் மறைந்து வாழ்ந்தார். லியோன் குருமடத்தில் இலத்தீன் புரியாமல் திருப்பி அனுப்பப்பட்டார். 1815ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் கிரெனோபிள் நகரில் குருப்பட்டம் பெற்றார். நாம் குருமடத்தில் தத்துவப் பாடத்தோடு மல்லுக்கட்டியபோது இவர் கதையைச் சொல்லித்தான் நம்மைத் தேற்றுவார்கள். தேர்வுத்தாள் திருத்தும்போது மட்டும் அந்தக் கதையை யாரும் நினைவில் வைத்ததில்லை!

1818ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆர்ஸ் ஊருக்கு அனுப்பப்பட்டார். லியோனுக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவு. ஏறத்தாழ 230 பேர் வாழ்ந்த குக்கிராமம். சிறிய ஆலயம், களிமண் வீடுகள், நான்கு மதுக்கடைகள். மக்கள் கெட்டவர்கள் அல்லர். பலருக்கு விசுவாசம் இருந்தது. குளிர்காலத்தில் ஆலயத்துக்கு ஓரளவு வருவார்கள். சூன் மாதம் பிறந்ததும் ஞாயிறு காலையில் அரிவாள் தீட்டும் ஓசை கேட்கும், வண்டிகள் வயலுக்குப் போகும். வேலை முடிந்ததும் ஆண்கள் மதுக்கடைக்கும், இளையோர் நடனத்துக்கும் செல்வார்கள்.

அந்த மக்களின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாட்டில் கோடை குறுகியது. சூன் மாதத்தில் புல்லை வெட்டி, வெயிலில் உலர்த்தி உள்ளே சேர்க்காவிட்டால் குளிர்காலம் முழுவதும் மாட்டுக்குத் தீனி இல்லை. சூலையில் கோதுமை முற்றிவிடும். வெட்டிப்போட்ட கதிர்மேல் மழை பெய்தால் முளைவிட்டுக் கெட்டுப்போகும். களத்தில் நெல் கிடக்கும்போது மேகம் கறுத்தால் நம் ஊர் உழவர் எப்படித் துடிப்பார் என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்டவரிடம் போய், இன்று ஞாயிறு, வேலையை விட்டுவிட்டுத் திருப்பலிக்கு வா என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். சொல்பவர் நகரத்தில் பிறந்தவராக இருந்தால் மக்கள் சிரித்திருப்பார்கள். வியான்னி அரிவாள் பிடித்தவர், மழையில் நனைந்த கதிரைக் கண்டவர். அதனால்தான் அவர் சொன்னது அவர்களை உறுத்தியது.

மறையுரையை இரவெல்லாம் எழுதி மனப்பாடம் செய்வார். நடுவில் மறந்துபோய்ப் பீடத்திலிருந்து இறங்கிவிட்டதும் உண்டு. ஆனாலும் ஞாயிறு வேலையைப்பற்றி ஆண்டுக்கணக்கில் விடாமல் பேசினார். ஞாயிறு மாலைகளில் வயல்பக்கம் நடப்பார். ஒருமுறை புல் வண்டியோடு வந்த ஒருவர் இவரைக் கண்டதும் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம். வியான்னி கோபப்படவில்லை. தம்மைக் கண்டு வெட்கப்படுகிறவர், எப்போதும் காண்கிற கடவுளை எப்படி மறந்தார் என்று வருத்தத்தோடு கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு நிகழ்வையும் அவ்வூரார் சொல்லி வந்தார்கள். சூலை மாத ஞாயிறு ஒன்றில், வயலெல்லாம் வெட்டிய கதிர் கிடந்தது. பாடற்பலி நேரத்தில் பலத்த காற்று எழுந்து, கருமேகம் திரண்டது. ஆண்கள் எழுந்து ஓடத் துடித்தார்கள். பங்குத்தந்தை மறையுரை மேடையிலிருந்து, இன்று யாரும் கதிரைத் தொட வேண்டாம், அறுவடையைச் சேர்க்கத் தேவையான அளவு நல்ல நாட்களைக் கடவுள் தருவார் என்றார். புயல் கடந்துபோனது, அடுத்து வந்த நாட்களில் வானம் தெளிவாக இருந்தது. நாம் இதைப் புதுமை என்று மட்டும் பார்த்தால் அவருடைய நிலை நமக்குப் புரியாது. மழை பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வீட்டுக்கு வீடு பட்டினி, பழி முழுவதும் பங்குத்தந்தை தலையில். மற்றவர்களுடைய ஓராண்டு உணவைப் பணயம் வைத்து வாக்குக் கொடுப்பதற்கு நமக்கு நெஞ்சு வருமா?

பங்கின் பாதுகாவலர் புனித சிக்ஸ்துஸ். திருநாள் ஆகஸ்ட் 6. அதையொட்டி வரும் ஞாயிறன்று ஊர்த் திடலில் குடியும் நடனமும் நள்ளிரவு வரை நடக்கும். ஓர் ஆண்டு பிடில் வாசிக்க வந்தவரை வழியிலேயே சந்தித்து, அவருக்குரிய கூலியைவிட அதிகமாகக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார் பங்குத்தந்தை. பின்பு ஊர்த்தலைவர் மாந்தி நடனத்தைத் தடை செய்தார். இளைஞர்கள் விடவில்லை, திரெவூ நகரத்துத் துணை ஆட்சியரிடம் முறையிட்டு அனுமதி வாங்கி வந்தார்கள். ஆனால் விழா அன்று திடலில் பெண்பிள்ளைகள் இல்லை. அவர்கள் ஆலயத்தில் மாலைப்புகழில் இருந்தார்கள். திருமுழுக்கு யோவானுக்கு ஆலயத்தில் சிற்றாலயம் ஒன்றைக் கட்டியபோது, ஒரு நடனத்துக்கு விலையாக அவர் தலை போனதை நினைவூட்டும் வாசகத்தையும் எழுதச் செய்தார். யாரும் தப்பவில்லை!

இங்கே நம் மனத்தில் உள்ளதையும் சொல்ல வேண்டும். நடனத்தை விடமாட்டேன் என்றவர்களுக்கு அவர் பாவமன்னிப்பை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். பல்லே அடிகளாரிடம் கற்ற கடுமையான ஒழுக்க நெறி அது. அந்தக் கடுமையை நாம் இன்று பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. அவரே பின்னாளில் புனித அல்போன்ஸ் லிகோரியாரின் ஒழுக்க இறையியலைக் கற்று, மிகவும் கனிந்தார். முதல் ஆண்டுகளில் அவர்மீது எழுந்த பகையில் ஒரு பகுதி இந்தக் கடுமையால் வந்தது என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் பகைத்தவர்கள் செய்தது அதைவிடக் கொடுமை. அவர் வீட்டுக் கதவில் அசுத்தத்தைப் பூசினார்கள், அவருடைய கற்பைப்பற்றி அவதூறு பரப்பினார்கள்.

தடுத்தது மட்டுமே அவர் வேலையாக இருந்திருந்தால் ஆர்ஸ் மாறியிராது. எடுத்த இடத்தை அவர் வெறுமையாக விடவில்லை. ஞாயிறு பிற்பகலில் மறைக்கல்வி, மாலைப்புகழ், செபமாலை, இருட்டும்போது இரவுச் செபம். மணியைத் தாமே அடிப்பார். பெண்களுக்குச் செபமாலை சபை, ஆண்களுக்கு நற்கருணைச் சபை. சூன் மாதத்து நற்கருணைப் பவனிக்கு ஊரே தெருவை அலங்கரித்தது. ஒட்டுப்போட்ட அங்கி அணிந்த அந்த மனிதர், பீட உடைகளையும் பவனிப் பந்தலையும் மட்டும் மிகச் சிறந்ததாகக் கேட்டு வாங்கினார்.

1823ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், பாதுகாவலர் திருநாளன்று, பங்கு மக்களை லியோன் நகரத்து ஃபூர்வியேர் மாதா திருத்தலத்துக்கு அழைத்துச் சென்றார். நள்ளிரவு கடந்ததும் புறப்பட்டு, இருட்டில் பாடிக்கொண்டே திரெவூ வரை நடந்தார்கள். அங்கிருந்து படகுகள், கரையில் குதிரைகள் இழுக்க, சோன் ஆற்றில் பயணம். ஊரில் பெரும்பகுதியினர் போனார்கள், அதுவும் அறுவடைக் காலத்தில்! மலையேறி, அவர் கையால் நற்கருணை வாங்கித் திரும்பினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஒதுக்க மறுத்த ஊர் அது. பங்குச் சுற்றுலா ஏற்பாடு செய்து, பேருந்தில் பாதி இருக்கை காலியாகப் போன அனுபவம் உள்ள நமக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

மதுக்கடைகள் ஒவ்வொன்றாக மூடின. அடுத்த ஆண்டு ஏழைச் சிறுமிகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். அநாதைகளுக்கும் அது வீடாயிற்று. கத்தரீன் லசாஞ் என்ற உழவர் மகளும் அவர் தோழியும் அதை நடத்தினார்கள். பிறகு வெளியூர் மக்கள் வரத் தொடங்கினார்கள். ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர். கள்ளுக்குக் கடை இல்லாத ஊரில் திருப்பயணிகளுக்கு விடுதிகள் திறக்க வேண்டியதாயிற்று. நள்ளிரவு கடந்ததும் ஆலயத்துக்கு வருவார். குளிர்காலத்தில் பதினொரு மணி நேரமும், கோடையில் பதினாறு மணி நேரமும் பாவசங்கீர்த்தனம் கேட்பார். காற்றோட்டமில்லாத சிறிய ஆலயம், நெருக்கியடிக்கும் கூட்டம். கோடையில் அதுவே அவருக்குப் பெரிய ஒறுத்தலாயிற்று. தனிமையில் செபிக்க விரும்பி ஊரைவிட்டு ஓடப் பார்த்ததும் உண்டு. 1853இல் அப்படிப் புறப்பட்ட இரவில் ஆலய மணி ஆபத்து மணியாக ஒலித்தது. ஊர் விழித்துக்கொண்டு வழியை மறித்தது.

1859ஆம் ஆண்டு சூலை மாதம் வெயில் கொடுமையாக இருந்தது. அவருக்கு வயது 73. சூலை 29ஆம் நாள் வெள்ளிக்கிழமை வழக்கம்போல் நள்ளிரவுக்குப் பின் ஆலயத்துக்கு வந்தார். மூச்சுத்திணறிப் பலமுறை வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு மீண்டும் தொட்டியில் அமர்ந்தார். மறைக்கல்வியும் கொடுத்தார். அன்று இரவு வீட்டுக்குத் திரும்பியவர் மறுநாள் எழவில்லை. அறுவடை நேரம்தான். ஊர் ஆண்கள் ஏணி வைத்துப் பங்குத்தந்தை வீட்டுக் கூரைமேல் ஏறினார்கள். துணிகளை விரித்து, அவருக்குச் சூடு தெரியாதபடி தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்ட் 4, வியாழன், அதிகாலை இரண்டு மணிக்கு அவர் உயிர் பிரிந்தது.

அடக்கத் திருச்சடங்கு சனிக்கிழமை நடந்தது. சுமார் 300 குருக்களும் 6,000 மக்களும் கூடியிருந்தார்கள். அன்று ஆகஸ்ட் 6, புனித சிக்ஸ்துஸ் திருநாள்.