எம்.கே.தியாகராஜ பாகவதர் படங்களை இந்த மாதம் எங்கே பார்க்கலாம்? முதல் சூப்பர் ஸ்டாரின் வாழ்க்கையும் மிச்சமிருக்கும் படங்களும்

தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் யார்? தாத்தா, பாட்டியிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்: எம்.கே.டி. என்கிற எம்.கே.தியாகராஜ பாகவதர். நடித்தது மொத்தமே 14 படங்கள்தான். அதில் ஒரு படம் ஒரே தியேட்டரில் 3 தீபாவளி கண்டது. ஆனால் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அதன் ஹீரோ ஜெயிலில் இருந்தார்.

இப்போது அவர் படத்தைப் பார்க்கணும்னா என்ன வழி? ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் இருந்தாலும் சரி, அவர் வளர்ந்த திருச்சியிலேயே இருந்தாலும் சரி, பதில் ஒன்றுதான். கையில் இருக்கும் மொபைல்தான் தியேட்டர். எந்தப் படம் கிடைக்கிறது, எதை முதலில் பார்க்கலாம், இலவசமாகப் பார்ப்பது சட்டப்படி சரியா? முழு விவரம் இதோ.

சுருக்கமாக

• பிறப்பு: 1910, மாயவரம். மறைவு: 1959 நவம்பர் 1, சென்னை. வயது 49.
• முதல் படம்: பவளக்கொடி (1934). கடைசிப் படம்: சிவகாமி (1960, மறைவுக்குப் பின் வெளியானது).
• முதலில் பார்க்க வேண்டியவை: ஹரிதாஸ், அசோக்குமார், சிவகவி.
• எங்கே: யூடியூப். கட்டணம் இல்லை.

யார் இந்த பாகவதர்?

மாயவரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், நகை வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. படிப்பில் மனசு ஒட்டவில்லை, பாட்டில்தான் ஒட்டியது. வீட்டை விட்டு ஓடிப்போன பையனை அப்பா தேடிப் போனபோது, கடப்பாவில் கூட்டத்துக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தான் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு.

திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்தவர் எஃப்.ஜி.நடேச அய்யர். நாடகப் பிரியர். அவர்தான் இந்தப் பையனின் குரலைக் கேட்டு, ரசிக ரஞ்சன சபாவின் அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். பிறகு மதுரை பொன்னு அய்யங்காரிடம் முறையாக கர்நாடக சங்கீதம் கற்றார். மைக் பரவலாக வராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி உச்ச ஸ்தாயியில் பாடுபவர்தான் ஹீரோ. பாகவதருக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

நாடகத்திலிருந்து சினிமாவுக்கு

மேடையில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நாடகம் பவளக்கொடி. ஜோடி எஸ்.டி.சுப்புலட்சுமி. அதையே 1934-ல் கே.சுப்ரமணியம் படமாக எடுத்தார். அவருக்கும் அதுதான் டைரக்டராக முதல் படம். அரை நூறு பாட்டு இருந்தது. பேசும் படம் என்பதைவிட பாடும் படம் என்பதே சரி.

1937-ல் வந்த சிந்தாமணி அவரைத் தூக்கி நிறுத்தியது. ஒய்.வி.ராவ் டைரக்‌ஷன், பாபநாசம் சிவன் பாட்டு. ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடியது. படத்தை எடுத்த மதுரை ராயல் டாக்கீஸ், அந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி அதற்கு சிந்தாமணி என்று பெயர் வைத்தது.

அதே வருஷம் அம்பிகாபதி. டைரக்டர் எல்லிஸ் ஆர்.டங்கன் ஓர் அமெரிக்கர், தமிழ் தெரியாது. ஆனாலும் கம்பர் மகனுக்கும் சோழ இளவரசிக்கும் நடக்கும் காதலைப் படமாக்கி ஜெயித்துக் காட்டினார். அந்தக் கால வாலிபர்கள் பாகவதர் மாதிரியே முடி வளர்த்தார்கள். பாகவதர் கிராப் என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

ஹரிதாஸ் ஓடியது, ஹீரோ உள்ளே போனார்

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளியானது. அப்பா, அம்மாவை மதிக்காத ஒரு பணக்கார வாலிபன், பட்டுத் திருந்தி அவர்களுக்கே சேவகனாக மாறும் கதை. டைரக்டர் சுந்தர் ராவ் நட்கர்னி. டி.ஆர்.ராஜகுமாரி, என்.சி.வசந்தகோகிலம், என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரம் எல்லோரும் உண்டு. சென்னை பிராட்வே தியேட்டரில் 1944, 1945, 1946 என 3 தீபாவளியைப் பார்த்தது இந்தப் படம்.

படம் வந்து ஒரு மாதம் ஆகவில்லை, இடி விழுந்தது.

லட்சுமிகாந்தன் என்பவர் சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பத்திரிகை நடத்தியவர். முதலில் சினிமா தூது, அது நின்றதும் இந்து நேசன். சினிமா தூது மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி கவர்னரிடம் மனு கொடுத்தவர்கள் பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவர். 1944 நவம்பர் 8-ம் தேதி சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

மனு கொடுத்த அந்த மூவரும் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற அப்பீலும் தோற்றது. அப்போது இந்தியாவுக்கு மேல் கோர்ட் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அங்கே போனபிறகுதான் வழக்கு திரும்பவும் விசாரணைக்கு வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள்.

லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? இன்றுவரை விடை இல்லை.

விடுதலை ஆனார், ஏன் திரும்ப ஜெயிக்கவில்லை?

பலரும் கேட்கும் கேள்வி இது. குற்றமற்றவர் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. கூடவே வெளியே வந்த என்.எஸ்.கே. மறுபடி பரபரப்பாக நடித்தார். பாகவதருக்கு மட்டும் என்ன ஆச்சு?

அவர் உள்ளே இருந்த 2 வருஷத்துக்கும் மேலான காலத்தில் சினிமாவே மாறத் தொடங்கிவிட்டது. ஹீரோவே பாட வேண்டும் என்ற கட்டாயத்தைப் பின்னணிப் பாட்டு தளர்த்தியது. புராணக் கதைகள் குறைந்தன, வசனம் முன்னுக்கு வந்தது. 1952-ல் பராசக்தி வந்தபோது, பாட்டால் ஒரு படத்தைத் தூக்கி நிறுத்தும் காலம் மலையேறிவிட்டது. காமெடி எந்தக் காலத்துக்கும் பொருந்தும். பாடும் ஹீரோவுக்கு அந்த வசதி இல்லை.

1948-ல் ராஜமுக்தி. பி.பானுமதி, எம்.ஜி.ஆர்., வி.என்.ஜானகி இருந்தும் ஓடவில்லை. அமரகவி, ஷ்யாமளா, அவரே டைரக்ட் செய்த புது வாழ்வு எதுவும் பழைய உயரத்தைத் தொடவில்லை. தங்கத் தட்டில் சாப்பிட்டவர் என்று ஊர் பேசிய மனிதர், கடைசிக் காலத்தில் கோயில் கோயிலாகப் போவதிலும் கச்சேரியிலும் ஆறுதல் தேடினார். உடல்நிலை மோசமாகி 1959 நவம்பர் 1-ம் தேதி சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார்.

எந்தப் படத்தை முதலில் பார்க்கலாம்?

• ஹரிதாஸ் (1944): ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் இது. சுமார் 2 மணி நேரம். குதிரை மேல் வரும் பாட்டை முதலில் கேட்டுவிட்டு, கடைசி அரை மணி நேரத்தில் அதே ஆள் எப்படி மாறியிருக்கிறார் என்று பாருங்கள்.

• அசோக்குமார் (1941): பேரரசர் அசோகரின் மகன் குணாளன் கதை. மகன் மேல் ஆசைப்படும் சிற்றன்னையாக பி.கண்ணாம்பா, அசோகராக சித்தூர் வி.நாகையா. பெரிய ஸ்டாராவதற்கு முந்தைய எம்.ஜி.ஆரை ஒரு சிறு வேஷத்தில் பார்க்கலாம்.

• சிவகவி (1943): சிவனைத் தவிர யாரையும் பாடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் புலவரை முருகன் வழிக்குக் கொண்டுவரும் கதை. பாட்டுக்காகவே பார்க்கலாம்.

• அம்பிகாபதி (1937): பிரதி பழசு, ஒலி கொஞ்சம் சோதிக்கும். 80 வருஷத்துக்கும் முந்தைய காதல் படம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நல்ல வழி.

சிந்தாமணியைப் பொறுத்தவரை பாட்டுகள் எளிதாகக் கிடைக்கின்றன. படம் அப்படி அல்ல.

இலவசமாகப் பார்ப்பது சட்டப்படி சரியா?

சரிதான். இந்திய காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி ஒரு படத்துக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். ஹரிதாஸுக்கு அது 2004-ம் ஆண்டோடு முடிந்துவிட்டது. கடைசிப் படமான சிவகாமிக்கும் 2020-ம் ஆண்டோடு முடிந்தது. ஆக, 14 படங்களும் இன்று பொதுச் சொத்து. பணம் கேட்டு வரும் லிங்க், ஏதாவது ஆப்பை டவுன்லோடு செய்யச் சொல்லும் லிங்க் வந்தால் தொடவே வேண்டாம்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

• பெயரோடு வருஷத்தையும் சேர்த்துத் தேடுங்கள். வெறும் அம்பிகாபதி என்று போட்டால் 1957-ல் வந்த சிவாஜி படமோ, 2013-ல் வந்த தனுஷ் படமோ வரும். ஹரிதாஸ் பெயரிலும் 2013-ல் வேறொரு படம் உண்டு.
• முழுப் படம் என்று தலைப்பு வைத்துவிட்டுப் பாட்டு மட்டும் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஓடும் நேரத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.
• ஒரே படத்தைப் பலர் ஏற்றியிருப்பார்கள். ஒலி தெளிவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் படங்களில் காதுக்குத்தான் வேலை அதிகம், ஹெட்போன் நல்லது.

ஜவ்வாது மலை மாதிரி சிக்னல் விட்டு விட்டு வரும் இடமா?

ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் போய்விடும். போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்கும்போது யூடியூப் ஆப்பில் டவுன்லோடு போட்டு வைத்துக்கொண்டால், ஊருக்குத் திரும்பிய பிறகு நெட் இல்லாமலே பார்க்கலாம். குறைந்த தரத்திலேயே போடுங்கள். பழைய பிரதி என்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது, டேட்டா மிச்சம்.

மற்ற படங்கள் எங்கே?

அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. சட்டென்று தீப்பிடிக்கும், சரியாக வைக்காவிட்டால் பொடியாகிவிடும். ஓடி முடித்த படத்தைப் பத்திரப்படுத்தும் வழக்கமும் அன்று இல்லை. புனேயில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-ல்தான், பாகவதர் இறந்து 5 வருஷம் கழித்து. 2003-ல் அங்கே நடந்த தீவிபத்தில் மேலும் பல நைட்ரேட் பிரதிகள் அழிந்தன. முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் (1931) இன்று பார்க்கவே கிடைக்காது.

அதனால் ஹரிதாஸ் முழுசாகக் கிடைப்பதே அதிர்ஷ்டம். வீட்டில் 80 வயதைத் தாண்டிய தாத்தா, பாட்டி இருந்தால், இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மொபைலில் அதைப் போடுங்கள். எந்தப் பாட்டு எங்கே வரும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.