பெரிய குழுவும் சின்ன மேடையும்: ஜெரி கார்சியாவின் இரண்டு இசை வாழ்க்கைகள்

பொப் மார்லியையும் பீட்டில்ஸையும் அறிந்த அளவுக்கு ஜெரி கார்சியாவை எங்கள் பக்கத்தில் அறிந்தவர்கள் குறைவு. ஆனால் அமெரிக்காவில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் இரண்டு தலைமுறை எழுந்து நிற்கும். 'கிரேட்புல் டெட்' குழுவின் கிற்றார் கலைஞரும் பாடகரும் அவர். முப்பது ஆண்டுகளில் 2300 இற்கும் அதிகமான கச்சேரிகளைச் செய்த குழு அது. அந்தக் குழுவின் பின்னால் ஊர் ஊராகப் போய், வான்களில் படுத்துறங்கி, வழியில் சாப்பாடும் உடுப்பும் விற்றுச் செலவைச் சமாளித்து வாழ்ந்த ரசிகர்கள் 'டெட்ஹெட்ஸ்' என்று அழைக்கப்பட்டார்கள்.

இந்த ரசிகர்கள் ஒற்றுமையாக நேசித்த மனிதர் கார்சியா. அவர்கள் ஒற்றுமையாக இல்லாத விடயமும் ஒன்று இருந்தது. பெரிய குழுவுக்கு வெளியே அவர் நடத்திய சின்னக் குழுக்களை என்ன செய்வது? கொண்டாடுவதா, பொறுத்துக்கொள்வதா, இல்லை இதெல்லாம் வீண் என்று ஒதுக்குவதா? அவருடைய வாழ்க்கையை இந்தக் கேள்வியின் வழியாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இது இரசனை பற்றிய சச்சரவாகத் தொடங்கி, ஒரு கலைஞன் யாருக்குச் சொந்தம் என்ற இடத்தில் போய் முடிகிறது.

கார்சியா 1942 ஓகஸ்ட் 1 ஆம் திகதி சன்பிரான்சிஸ்கோவில் பிறந்தார். தகப்பன் ஸ்பெயினிலிருந்து குடியேறிய இசைக்கலைஞர். பின்னர் மதுச்சாலை நடத்தினார். பிரபல இசையமைப்பாளர் ஜெரோம் கேர்னின் நினைவாகவே மகனுக்குப் பெயர் வைத்தார்கள். நான்கு வயதில் தமையனோடு விறகு கொத்தும்போது கோடரி பட்டு, சிறுவனின் வலது கை நடுவிரலில் பெரும்பகுதி போய்விட்டது. 1947 இல் மீன்பிடிக்கப் போன இடத்தில் தகப்பன் ஆற்றில் மூழ்கி இறந்தார். தாய் மதுச்சாலையைப் பார்த்துக்கொள்ள, பிள்ளை தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் சில காலம் வளர்ந்தான். ஆஸ்துமாவும் கூடவே இருந்தது.

பதினைந்தாவது பிறந்தநாளுக்குத் தாய் ஓர் அக்கோடியனை வாங்கிக் கொடுத்தார். அவன் அதை அடகுக்கடையில் கொடுத்து மின்சாரக் கிற்றாராக மாற்றிக்கொண்டான். 1960 இல் இராணுவத்தில் சேர்ந்து, சில மாதங்களிலேயே வெளியேற்றப்பட்டான். 1961 பெப்ரவரியில் நடந்த கார் விபத்தில் நண்பன் ஒருவன் இறந்தான், கார்சியா தப்பினார். அதன் பிறகுதான் தன் வாழ்க்கை உண்மையில் தொடங்கியது என்று அவர் பிற்காலத்தில் சொல்லி வந்தார். அதே ஆண்டு றொபேர்ட் ஹன்டரைச் சந்தித்தார். பின்னாளில் அவருடைய பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு வரிகள் எழுதியவர் இவரே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்சியா முதலில் வெறிபிடித்துக் கற்றது றொக் இசையை அல்ல, பான்ஜோவை. அமெரிக்கத் தென்பகுதியின் கிராமிய இசைமரபில் பிறந்த 'புளூகிராஸ்' இசைதான் அவருடைய முதல் காதல். அந்தப் பாணியில் பான்ஜோவைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என மூன்று விரல்களால் மீட்டுவார்கள். நடுவிரல் இல்லாதவன் அந்த வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தான் என்பதே அவன் பிடிவாதத்தைச் சொல்லும். 1964 இல் நண்பர் சாண்டி ரொத்மனுடன் காரில் நாட்டின் மறுகோடி வரை போனார். புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் இடம் கிடைக்காதா என்ற ஆசை. இடம் கிடைக்கவில்லை. ஆனால் போன இடமெல்லாம் கச்சேரிகளை ஒலிநாடாவில் பதிந்துகொண்டு திரும்பினார்.

1965 இல் பொப் வியர், பில் லெஷ், பில் குரொய்ட்ஸ்மன், 'பிக்பென்' எனப்பட்ட றொன் மக்கேர்னன் ஆகியோருடன் சேர்ந்து மின்சார வாத்தியக் குழு உருவானது. கிரேட்புல் டெட் என்ற பெயரை அகராதி ஒன்றில் கண்டெடுத்தார்கள். அநாதைப் பிணமொன்றுக்கு ஈமக்கடன் செய்ய உதவிய வழிப்போக்கனுக்கு, அந்த இறந்தவனின் ஆவி நன்றியோடு துணைவரும் பழங்கதையின் பெயர் அது.

இந்தக் குழு ஒரு பாட்டை ஒருபோதும் அதே மாதிரி இருமுறை வாசித்ததில்லை. பாட்டின் நடுவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவார்கள். இருபது நிமிடங்கள் கழித்து வேறொரு பாட்டின் வாசலில் வந்து நிற்பார்கள். எந்த இரவில் என்ன நடக்கும் என்று மேடையில் நிற்பவர்களுக்கே தெரியாது. ரசிகர்கள் மறுபடி மறுபடி வந்ததற்குக் காரணம் இதுதான். கச்சேரியை ஒலிப்பதிவு செய்யவும் குழு தடுக்கவில்லை. 1984 இல் பதிவாளர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். 1964 இல் ஒலிநாடாவோடு அலைந்தவனின் குழு வேறு எப்படி இருந்திருக்கும்?

சின்ன மேடைகளின் கதை 1970 அளவில் தொடங்குகிறது. பெரிய குழு ஊரில் இருக்கும் நாட்களில் கார்சியா வீட்டில் இருக்கமாட்டார். சன்பிரான்சிஸ்கோவிலும் பேர்க்லியிலும் உள்ள சிறிய மதுச்சாலை மேடைகளில் ஹோவர்ட் வேல்ஸ், மேர்ல் சோன்டர்ஸ் போன்ற ஓர்கன் கலைஞர்களுடன் வாசிப்பார். பேஸ் கிற்றாருக்கு ஜோன் கான். இறுதிவரை கூட இருந்தவர் அவரே. இங்கே வாசித்ததில் பெரும்பகுதி மற்றவர்களின் பாட்டு: பொப் டிலன், மோட்டவுன், ஜிம்மி கிளிஃப், தேவாலயப் பாடல்கள்.

1973 இல் மறுபடி பான்ஜோவைக் கையில் எடுத்தார். டேவிட் கிரிஸ்மன், பீற்றர் றோவன், வசார் கிளெமன்ட்ஸ், ஜோன் கான் ஆகியோருடன் 'ஓல்ட் அன்ட் இன் த வே' என்ற புளூகிராஸ் குழு. ஆண்டு முடியுமுன் குழு கலைந்துவிட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஒரு சிறிய அரங்கில் பதிந்த கச்சேரி 1975 இல் இசைத்தட்டாக வெளிவந்தது. புளூகிராஸ் வரலாற்றில் மிக அதிகம் விற்ற தட்டுகளில் ஒன்றாக அது நெடுங்காலம் நின்றது.

இதைப் பற்றி இரு தரப்பும் முகம் சுளித்தது என்பதுதான் வேடிக்கை. புளூகிராஸில் ஊறியவர்களுக்கு அவருடைய பான்ஜோ கரடுமுரடாகத் தெரிந்தது. விற்பனை பெயருக்காக வந்தது, வாசிப்புக்காக அல்ல என்றார்கள். றொக் ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு, மின்சாரக் கிற்றாரை விட்டுவிட்டுத் தாத்தா காலத்து வாத்தியத்தை ஏன் தூக்கினார் என்று விளங்கவில்லை. ஆனால் புளூகிராஸ் என்ற சொல்லையே கேட்டிராத ஆயிரக்கணக்கான நகரத்து இளைஞர்கள் அந்தத் தட்டின் வழியாகத்தான் பில் மன்றோவிடம் போய்ச் சேர்ந்தார்கள். நான் அந்தத் தட்டைக் கேட்கும்போது பான்ஜோவின் பிசிறுகள் என் காதிலும் விழுகின்றன. அவற்றை மீறிக் கேட்பது, பழைய ஆசையொன்றை ஒன்பது வருடங்கள் கழித்து நிறைவேற்றிக்கொள்ளும் ஒருவனின் உற்சாகம்.

1974 ஒக்ரோபரில் பெரிய குழு ஓய்வு அறிவித்தது. சுமார் 75 தொன் எடையுள்ள ஒலிபெருக்கிச் சுவரைப் பாரவண்டிகளில் ஏற்றி ஊர் ஊராக இழுத்துக் களைத்துப் போயிருந்தார்கள். ஆனால் கார்சியா சின்னக் குழுவோடு புறப்பட்டுவிட்டார். 1975 இல் 'ஜெரி கார்சியா பான்ட்' என்ற பெயர் வந்தது. 1978 இல் வெளிவந்த 'கட்ஸ் அன்டர் த ஸ்டார்ஸ்' தட்டில் அவர் தன் முழு மனதையும் வைத்தார். தன் தட்டுகளில் தனக்கு மிகப் பிடித்தது அதுவே என்று கடைசிவரை சொன்னார். அது விற்பனையில் படுத்தது.

இந்தக் குழுவின் மீது வைக்கப்பட்ட குறைகளை நான் அலட்சியம் செய்யமாட்டேன். தாளம் மிக மெதுவாகப் போகிறது என்றார்கள், உண்மைதான். லெஷின் பேஸும் வியரின் கிற்றாரும் கார்சியாவோடு வாதாடும், குறுக்கே பாயும். கானின் பேஸ் அமைதியாகப் பின்னால் நடக்கும். ஆகவே அந்தப் பழைய ஆபத்து இல்லை, திடீர்த் திருப்பம் இல்லை என்றார்கள். அதுவும் பெருமளவு உண்மை. புதிய பாடல்களும் நல்ல இரவுகளும் பெரிய குழுவுக்கு வரவேண்டியவை, இங்கே சிந்திவிடுகின்றன என்பது மூன்றாவது குறை. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவனின் இசை ஒரு வாளித் தண்ணீர் போல, இங்கே ஊற்றினால் அங்கே குறையும் என்ற கணக்கு அது.

ஆதரவாளர்கள் வேறொன்றைக் கேட்டார்கள். மெதுவான தாளத்தில் அவர் குரல் வெளியே வந்தது. தேவாலய இசையில் வளர்ந்த மெல்வின் சீல்ஸின் ஓர்கனும், பின்னணி பாடிய இரு பெண்களின் குரல்களும் அவரைத் தாங்கி நின்றன. பெரிய குழுவில் பாட்டு பறப்பதற்கான ஓடுபாதை. இங்கே பாட்டு தங்குவதற்கான வீடு. மேடையில் அவர் சிரித்தார் என்று அன்று பார்த்தவர்கள் பலர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஹெரோயின் அவரைப் பிடித்திருந்தது. 1985 ஜனவரியில் சன்பிரான்சிஸ்கோ பூங்கா ஒன்றில், காரில் வைத்துப் போதைப்பொருளுடன் கைதானார். 1986 ஜூலையில் நீரிழிவு முற்றிக் கோமாவில் விழுந்தார். கண் விழித்தபோது கிற்றார் வாசிப்பதே கையை விட்டுப் போயிருந்தது. அப்போது பக்கத்தில் அமர்ந்து, சிறுபிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லிக்கொடுத்தவர் சின்ன மேடைத் தோழர் மேர்ல் சோன்டர்ஸ். அவ்வாண்டு டிசெம்பரில் பெரிய குழு திரும்புமுன், ஒக்ரோபரிலேயே கார்சியா தன் சின்னக் குழுவோடு மேடையேறிவிட்டார். பக்கக் குழு வீண்வேலை என்று சொன்னவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

1987 இல் கிரேட்புல் டெட்டின் பாட்டொன்று முதல்முறையாக அமெரிக்காவின் முதல் பத்துக்குள் போனது. அதே ஒக்ரோபரில் கார்சியா நியூயோர்க்கின் பிராட்வே நாடக அரங்கொன்றில் 18 கச்சேரிகள் செய்தார். முதற்பாதியில் சாண்டி ரொத்மன் உள்ளிட்ட பழைய தோழர்களுடன் கிராமிய இசை, இரண்டாம் பாதியில் மின்சாரக் குழு. 1964 இல் காரில் கூடப் போன அதே ரொத்மன்.

ஆனால் புகழ் சின்ன மேடையையும் விட்டுவைக்கவில்லை. 1991 இல் ஜெரி கார்சியா பான்ட் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவயர் கார்டனில் வாசித்தது. மதுச்சாலையில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு முன் மூச்சுவிடத் தொடங்கிய குழு, ஆயிரக்கணக்கானவர்களுக்கு முன் வந்து நின்றது. ஒதுங்க ஓரிடம் தேடியவனை அன்பு அங்கேயும் துரத்திப் பிடித்துவிட்டது. அந்தக் காலத்தில் அவர் இன்னும் சின்ன இடத்துக்கும் போனார்: டேவிட் கிரிஸ்மனின் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு. ஒரு கிற்றார், ஒரு மண்டலின். அங்கே பதிந்தவை 1991 முதல் வெளிவந்தன. அவருடைய கடைசிக் காலத்தில் எனக்கு மிக நெருக்கமானவை அவைதான்.

பெரிய குழுவை நிறுத்த முடியவில்லை. அதை நம்பிப் பல குடும்பங்கள் சம்பளம் வாங்கின. வாகனத் தரிப்பிடங்களில் ஒரு சந்தையே வாழ்ந்தது. 1995 ஜூலையில் இந்தியானாவில் நுழைவுச்சீட்டு இல்லாதவர்கள் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். மறுநாள் கச்சேரி நிறுத்தப்பட்டது. அதே இரவு கார்சியாவுக்குக் கொலை மிரட்டலும் வந்திருந்தது. ஜூலை 9 சிக்காகோவில் கடைசிக் கச்சேரி. சரியாக ஒரு மாதம் கழித்து, கலிபோர்னியாவில் போதை மறுவாழ்வு நிலையமொன்றில் மாரடைப்பால் இறந்தார்.

அஸ்தியில் ஒரு பகுதியை 1996 ஏப்ரலில் மனைவியும் பொப் வியரும் ரிஷிகேஷில் கங்கையில் கரைத்தார்கள். மீதி சன்பிரான்சிஸ்கோ விரிகுடாவில். இந்தியாவுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று அப்போதும் பலர் கேட்டார்கள். தொடர்பு இசையின் பக்கம் கொஞ்சம் இருந்தது. 1976 இல் சாகிர் ஹுசைனும் மிக்கி ஹார்ட்டும் சேர்ந்த 'டிகா' குழுவின் தட்டில் கார்சியாவும் வாசித்திருக்கிறார். அதே மிக்கி ஹார்ட்டின் 'பிளனற் டிரம்' தட்டு, உலக இசைத் தொகுப்புக்கென வழங்கப்பட்ட முதல் கிராமி விருதை வென்றது. அதில் கடம் வாசித்தவர் சென்னையின் விக்கு விநாயக்ராம். பெரிய குழுவுக்கு வெளியே போகக்கூடாது என்று ரசிகர்கள் சட்டம் போட்டிருந்தால் அந்தக் கடம் அங்கே ஒலித்திருக்காது.

ரசிகனுக்குப் பிடிக்காமல் இருக்க உரிமை உண்டு. காசு கொடுத்து வந்தவன் தாளம் மெதுவென்று சொல்லலாம், எழுந்தும் போகலாம். ஆனால் நீ இதை மட்டும்தான் வாசிக்க வேண்டும், இவர்களோடு மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லும்போது இரசனை கட்டளையாகிறது. கார்சியா அந்தக் கட்டளைக்கு ஒருபோதும் நேரடியாகப் பதில் சொன்னதில்லை. பெரிய குழுவுக்கு விடுமுறை கிடைத்த ஒவ்வொரு முறையும் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார், அவ்வளவுதான்.