ஒரு கப்பலில் ஒரு காலம்

வரலாற்றைத் திரைப்படமாக்குவோர் பெரும்பாலும் ஒரு தலைவரின் வாழ்வை வரிசையாகக் காட்டுவர். அவ்வழியை விடுத்து, மக்கள் கூட்டத்தையே கதைத்தலைவனாக்கியவர் செர்கெய் ஐசன்ஸ்டைன்.

இவர் 1898ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த ரீகா நகரில் பிறந்தார். தந்தை கட்டடக் கலைஞர். தாமும் கட்டடப் பொறியியல் பயின்ற ஐசன்ஸ்டைன், 1918இல் படிப்பை விட்டுச் செஞ்சேனையில் சேர்ந்தார். பின்னர் மாஸ்கோ நாடக மேடையில் பணியாற்றித் திரைத்துறைக்கு வந்தார். காட்சிகளைச் செங்கற்களைப் போல அடுக்குவதை அவர் ஏற்கவில்லை. இரு காட்சிகள் மோதும்போது, இரண்டிலும் இல்லாத புதுப்பொருள் பிறக்கும் என்பதே அவர் கொள்கை.

1905ஆம் ஆண்டுப் புரட்சியின் இருபதாம் ஆண்டு நினைவாகப் படமெடுக்கும் பணி, 1925இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நீனா அகட்ஜானோவாவின் திரைக்கதை அவ்வாண்டின் பல நிகழ்வுகளை உள்ளடக்கியிருந்தது. வடக்கே வானிலை ஒத்துழைக்காததால், படக்குழு கருங்கடற்கரையிலுள்ள ஒடெசாவுக்குச் சென்றது. திரைக்கதையில் சிறு பகுதியாக இருந்த பொட்டெம்கின் போர்க்கப்பல் கிளர்ச்சியையே முழுப்படமாக்க ஐசன்ஸ்டைன் துணிந்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? புழுத்த இறைச்சியை உண்ண மறுத்த மாலுமிகளின் சினத்தில், ஒரு நாட்டின் கொதிப்பே வெளிப்பட்டது.

ஐந்து பகுதிகளாக அமைந்த அப்படத்தின் ஒடெசா படிக்கட்டுக் காட்சி உலகப்புகழ் பெற்றது. அணிவகுத்து இறங்கும் வீரர்களின் காலணிகளும், தாயின் கையிலிருந்து நழுவி உருளும் குழந்தை வண்டியும் காண்போரை உலுக்கின. அந்நகரில் மக்கள் சுடப்பட்டது உண்மை. ஆனால், படத்தில் காட்டியவாறே படிக்கட்டில் படுகொலை நடந்ததற்குச் சான்றில்லை. பலரோ அதனையே வரலாறாக நம்பினர். திரைக்கலையின் ஆற்றலும் பொறுப்பும் இங்கே ஒருங்கே புலப்படுகின்றன.

பின்னாளில் 'கொடுங்கோலன் இவான்' என்னும் படத்தை எடுத்தார். அதன் முதற்பகுதி ஸ்டாலின் பரிசு பெற்றது. இரண்டாம் பகுதி மன்னனின் ஐயத்தையும் கொடுமையையும் காட்டியது. படிக்கட்டுக் காட்சியின் கற்பனையைக் கொண்டாடிய அரசு, இப்போது அவரை வரலாறு அறியாதவர் எனக் குற்றஞ்சாட்டி, 1946இல் அப்பகுதியைத் தடைசெய்தது. அதிகாரத்திற்கு உகந்த கற்பனை வரலாறாவதும், உகவாத உண்மை பிழையாவதும் அவர் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.

1948இல் ஐசன்ஸ்டைன் தம் ஐம்பதாம் வயதில் மறைந்தார். தடைசெய்யப்பட்ட பகுதி பத்தாண்டுகள் கழித்து, 1958இல் திரைக்கு வந்தது.