மூச்சு வாங்கிய புரூஸ் லீ



நம்ம பள்ளிக்கூடத்துல எந்தப் பையனாவது காலைத் தூக்கி உதைக்கிற மாதிரி காட்டினா, இவரு பெரிய புரூஸ் லீன்னு கேலி பண்ணுவோம். அந்த புரூஸ் லீ ஒரு தடவை சண்டை போட்டுட்டு நிக்க முடியாம மூச்சு வாங்கினார். அந்தக் கதை நிறைய பேருக்குத் தெரியாது. அதைத்தான் எழுதப் போறேன்.

புரூஸ் லீ 1940-ம் வருடம் நவம்பர் 27-ம் தேதி அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் பிறந்தார். அவர் அப்பா சீன நாடக நடிகர். நாடகம் நடிக்கப் போன ஊரில் பிறந்த பிள்ளை. பிறகு குடும்பம் ஹாங்காங் திரும்பியது. சின்ன வயசில் ஒல்லிக்குச்சி. ஆனா தெருச்சண்டையை விடமாட்டார். இப் மேன் என்ற ஆசானிடம் விங் சுன் என்னும் குங்ஃபூ முறையைக் கற்றார். 1958-ல் சா சா நடனப் போட்டியில் முதல் பரிசும் வாங்கினார்! கால் அவ்வளவு வேகமா நகர்றதுக்கு அந்த டான்ஸும் ஒரு காரணமா இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

1959-ல் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். சியாட்டில் நகரத்தில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்துக்கிட்டே படித்தார், குங்ஃபூவும் சொல்லிக் கொடுத்தார். 1964-ல் லிண்டாவைத் திருமணம் செய்துகொண்டு ஓக்லண்டுக்குக் குடிபோனார். அதே வருடம் லாங் பீச் நகரத்து கராத்தே போட்டியில் ஒரே கையின் இரண்டு விரலை மட்டும் தரையில் ஊன்றி தண்டால் எடுத்துக் காட்டினார். பார்த்தவங்க அசந்து போனாங்க.

அந்த வருடக் கடைசியில்தான் வாங் ஜாக் மேன் என்ற இன்னொரு குங்ஃபூ வீரரோடு சண்டை. எவ்வளவு நேரம் நடந்தது, யார் ஜெயிச்சாங்கன்னு இருந்தவங்க ஆளுக்கு ஒண்ணா சொல்லியிருக்காங்க. லிண்டா எழுதியபடி புரூஸ் ஜெயித்தார். ஆனா ஜெயிச்ச சந்தோஷமே அவருக்கு இல்லை. எதிராளியைத் துரத்தித் துரத்தியே களைத்துவிட்டார். சீக்கிரம் முடிய வேண்டிய சண்டை ஏன் இழுத்துக்கிட்டே போச்சுன்னு அவருக்கு மனசு ஆறலை. வித்தை கையில் இருக்கு, உடம்பு கூட வரலை. இதை வெளியில் சொல்ல யாருக்கும் வெட்கமாத்தான் இருக்கும். அவர் ஒத்துக்கிட்டார்.

அதுக்குப் பிறகு ஓட ஆரம்பித்தார், ஸ்கிப்பிங் ஆடினார். அதோட எடை தூக்கவும் தொடங்கினார். ஓக்லண்டில் அவருடைய நண்பர் ஜேம்ஸ் லீ எடை தூக்கிப் பழகியவர், அவர் உதவி செய்தார். 1965-ல் ஹாங்காங் போயிருந்தபோது அங்கேயும் ஜிம்முக்குப் போனார். சதை ஏறினா கை வேகம் போயிடும்னு அந்தக் காலத்தில் சண்டை பழகுறவங்க நிறைய பேர் நம்பினாங்க. புரூஸ் லீ வெறும் சதைக்காகத் தூக்கவில்லை. அடிக்கிற அடியில் பலம் வரணும், வேகமும் குறையக் கூடாது. அதனால் எடை வாரத்தில் மூன்று நாள்தான். சதைக்கு ஓய்வு கிடைச்சாத்தானே அது வலுவாகும். ஓட்டம், உடம்பை வளைக்கிறது, குத்து, உதை எல்லாம் தனியா இருந்தது. எத்தனை தடவை தூக்கினோம், எவ்வளவு எடைன்னு நோட்டில் எழுதியும் வைத்தார். (நம்ம வீட்டுப்பாட நோட்டை விட ஒழுங்கா!)

எடை தூக்குறதில் குட் மார்னிங் என்று ஒரு பயிற்சி உண்டு. இரும்புத் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நிமிரணும். வணக்கம் சொல்ற மாதிரியே இருக்கும், அதான் அந்தப் பெயர். 1970 ஆகஸ்டில் ஒருநாள் புரூஸ் லீ, உடம்பைச் சூடு பண்ணிக்காமலேயே, கிட்டத்தட்ட தன் எடைக்குச் சமமான பாரத்தோடு அதைச் செய்தார். அவர் எடை சுமார் 60 கிலோ. நாம குழாயடியிலிருந்து தூக்கிட்டு வர்ற குடம் நாலைத் தோளில் வைத்துக் குனிகிற மாதிரி. முதுகில் சுருக்குன்னு பிடித்தது. சில நாளில் வலி தாங்க முடியாமல் டாக்டரிடம் போனார். கீழ் முதுகில் நரம்பு பாதிச்சிருக்கு, படுக்கையில் ஓய்வா இருக்கணும், இனிமேல் குங்ஃபூவை மறந்துடணும், உதைக்கவே முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

அப்போ பையனுக்கு 5 வயசு, பொண்ணுக்கு 1 வயசு. வீட்டுக் கடன் வேற இருந்தது. லிண்டா வேலைக்குப் போனார். இவர் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். சும்மா கிடக்கலை. புத்தகமா வாங்கிப் படித்தார், சண்டைக் கலை பற்றித் தனக்குத் தோன்றியதை எல்லாம் நோட்டு நோட்டாக எழுதினார். அந்தக் குறிப்புகள்தான் அவர் போன பிறகு 1975-ல் புத்தகமா வந்தது. சுமார் ஆறு மாதம் கழித்து எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி பயிற்சி செய்தார். ஆனா அந்த முதுகு வலி கடைசி வரைக்கும் அவரை விடவே இல்லை.

1973 ஜூலை 20-ம் தேதி ஹாங்காங்கில், மூளை வீங்கி, 32 வயசில் இறந்துபோனார். தலைவலிக்குச் சாப்பிட்ட மாத்திரை ஒத்துக்கலைன்னு அப்போ டாக்டர்கள் சொன்னாங்க.

இன்னும் ஒண்ணு சொல்லணும். தி பிக் பாஸ் 1971-ல் வந்தது. ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி 1972. என்டர் தி டிராகன் 1973, அது வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. டி.வி.யில் போடும்போது வாயைப் பிளந்துகிட்டு நாம பார்க்கிற அந்த உதை எல்லாம், இனி உதைக்கவே முடியாதுன்னு டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் அவர் உதைத்தது.